பெயரில்லாதோரின் கொடிவழி

அமெரிக்காவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தோரின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேடிப் புறப்பட்டால், பெரும்பாலும் ஓர் ஆண்டில் வந்து முட்டி நிற்பார்கள். 1870. அடிமைமுறை ஒழிந்தபின் நடந்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அது. விடுதலை பெற்றோர் பெயரோடும் குடும்பத்தோடும் அதில்தான் முதன்முதலாக எழுதப்பட்டனர். முந்தைய 1850, 1860 கணக்கெடுப்புகளிலும் அவர்கள் இருக்கவே செய்கிறார்கள். ஆனால் தனி ஏட்டில். உடைமையாளரின் பெயர், அதன்கீழ் வரிசையாக வயது, பால், நிறம். அவ்வளவே. தன் பாட்டனைத் தேடுகிறவர் பாட்டனை விலைக்கு வாங்கியவனின் பெயரைத்தான் முதலில் தேட வேண்டும். அவனுடைய உயிலிலோ விற்பனைப் பத்திரத்திலோ, கால்நடைகளின் பட்டியலுக்குப் பக்கத்தில், ஒரு வேளை பாட்டனின் பெயர் கிடைக்கலாம்.

ஏடு கைவிட்ட இந்த இடத்தில்தான் மரபணுச் சோதனையும் அதன் முடிவுகளை ஒப்பிடும் மென்பொருளும் வந்து சேர்ந்தன. சிறு குழாயில் எச்சிலை நிரப்பி அனுப்பினால் திரும்பக் கிடைப்பது, உண்மையில், நீண்டதொரு எழுத்துக்கோப்பு. சுமார் முந்நூறு கோடி எழுத்துகள் கொண்ட நம் மரபணுத் தொகுதியில், மனிதருக்கு மனிதர் வேறுபடக்கூடிய ஆறேழு லட்சம் இடங்களை மட்டும் படித்து எழுதிய கோப்பு அது. இரண்டு பேருடைய கோப்புகளை மென்பொருள் அருகருகே வைத்து வரி வரியாக ஒப்பிடுகிறது. ஓரிடத்தில் ஒத்துப்போவதால் பயனில்லை. எவரும் எவரோடும் அப்படி ஒத்துப்போவார்கள். ஆயிரக்கணக்கான இடங்கள் இடைவிடாமல் தொடர்ந்து ஒத்துப்போனால், அந்தத் துண்டு இருவருக்கும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க வேண்டும். தலைமுறைதோறும் மரபணு கலைத்து அடுக்கப்படுவதால் துண்டுகள் குறுகிக்கொண்டே போகும். அந்நீளத்தைச் சென்டிமார்கன் என்ற அலகால் அளக்கிறார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே ஏறத்தாழ 3,400. பெற்றோரின் உடன்பிறந்தார் பிள்ளைகளோடு சராசரியாக 850 அளவில். அத்தை மகன், சித்தப்பா மகன் என்று நாம் முறை வைத்துப் பிரிக்கும் உறவுகளுக்கெல்லாம் இந்தக் கணக்கில் ஒரே எண்தான். 7 சென்டிமார்கனுக்குக் கீழே போனால் தற்செயல் ஒற்றுமைகள் மலிந்துவிடும். எள்ளுத்தாத்தா ஒருவரே ஆனாலும், அவ்வழி உறவினர் இருவரிடையே ஒரு துண்டுகூடப் பொதுவாக இல்லாமற்போவது அரிதன்று. எனவே மென்பொருள் 'உறவு' என்றால் உறவு. 'இல்லை' என்றால் இல்லையென்று ஆகிவிடாது.

மேரிலாண்டில் காட்டாக்டின் என்றோர் இரும்பு உலை இருந்தது. மாநிலத்தின் முதல் ஆளுநரான தாமஸ் ஜான்சனும் அவருடைய சகோதரர்களும் நிறுவியது. 1776-இல் உருக்கத் தொடங்கிய அவ்வுலையில் தொடக்கக் காலத்தில் அடிமைகள் உழைத்தனர். பின்னர் ஐரோப்பாவிலிருந்து வந்த கூலியாட்கள் அவர்களுடைய இடத்தைப் பிடித்துக்கொள்ள, உழைத்தவர்கள் எங்கே போனார்கள், எங்கே விற்கப்பட்டார்கள் என்ற நினைவே ஊரில் இல்லாமற்போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நெடுஞ்சாலைப் பணியின்போது அவர்களுடைய இடுகாடு தோண்டப்பட்டது. எலும்புகள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குச் சென்றன.

2023-இல் ஸயன்ஸ் இதழில் வந்த ஆய்வு அவ்வெலும்புகளைப் பற்றியது. 27 பேருடைய மரபணுவைப் படித்து, 23 அண்ட் மீ நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுள் ஆய்வுக்கு இசைந்த ஏறத்தாழ 93 லட்சம் பேருடைய கோப்புகளோடு ஒப்பிட்டார்கள். 41,799 பேருக்கு இறந்தோருடன் பொதுவான துண்டுகள் இருந்தன. இத்தனை பேரும் அவர்களுடைய பிள்ளைவழி வந்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மிகப் பலர், அட்லாண்டிக்கின் அக்கரையிலோ இக்கரையிலோ எப்போதோ வாழ்ந்த பொது மூதாதை ஒருவரால் தொடர்புற்றவர்கள். ஆனால் மிகுதியாகப் பகிர்ந்துகொண்டோர் மேரிலாண்டிலேயே செறிந்திருந்தனர். எல்லோரும் போய்விடவில்லை, சிலருடைய வழியினர் அருகிலேயே இருந்திருக்கிறார்கள்.

நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது வேறொரு செய்தி. இடுகாட்டுக்குள்ளேயே ஐந்து குடும்பங்களை மென்பொருள் அடையாளம் கண்டது. பெரும்பாலும் தாய், பிள்ளைகள், உடன்பிறந்தோர். அருகருகே புதைக்கப்பட்டிருந்தார்கள். எந்நேரமும் எவரையும் பிரித்து விற்கலாம் என்றிருந்த இடத்தில், இறந்த பின்னாவது தாயின் பக்கத்தில் பிள்ளையைக் கிடத்த யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஏட்டிலும் இது இல்லை. பெயர்கள் மட்டும் அந்த ஆய்வில் கிடைக்கவில்லை. எச்சிலும் எலும்பும் உறவைச் சொல்லும், பெயரைச் சொல்வதில்லை.

இக்கருவி நம் கைக்கு அடங்கியதும் அன்று. 2010-இல் இரண்டு ஆர்வலர்கள் தொடங்கிய ஜெட்மேட்ச், எந்த நிறுவனத்தின் சோதனைக் கோப்பையும் பதிவேற்றி ஒப்பிட வழிசெய்தது. பெற்றோரைத் தேடிய தத்துப்பிள்ளைகள் பலருக்கு அது விடை தந்தது. 2018 ஏப்ரலில் கலிபோர்னியக் காவல்துறை, பல பத்தாண்டுகளாகப் பிடிபடாதிருந்த கொலைகாரன் ஒருவனை அதே வழியில் பிடித்தது. அவன் எச்சில் எதையும் அனுப்பியவன் அல்லன். தூரத்து உறவினர் சிலர் அனுப்பியிருந்தார்கள், அது போதுமானதாயிற்று. அவன் பிடிபட்டது குறித்து நமக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவர் கையொப்பமிட்டால், கேட்கப்படாத நூறு பேருக்கும் சேர்த்தே இட்டதாகிறது. அடிமைச் சந்தையில் ஒப்புதல் என்ற சொல்லையே கேட்டறியாதோரின் வழியினருக்கு இந்தக் கையொப்பம் இலேசானதல்ல.

2025 மார்ச்சில் 23 அண்ட் மீ நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அந்நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஆன் வொஜிட்ஸ்கி தலைமையிலான இலாபநோக்கற்ற அமைப்பொன்று அதே ஆண்டு அதை வாங்கிக்கொண்டது. இடைப்பட்ட மாதங்களில் வாடிக்கையாளர் பலர் தம் கோப்புகளை அழிக்கச் சொன்னார்கள். அவர்களுள் காட்டாக்டின் உறவினர் எத்தனை பேரோ.