ஊசியில்லாமல் ரத்தம் பார்க்க வந்த கதை



அந்தக் காலத்தில் தோட்டத்து டிரெசர் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தே, "ஒடம்புல ரத்தம் இல்லியே" என்று சொல்லிவிடுவார். இன்று விரலில் கிளிப்பு மாட்டினால் எண் தெரிகிறது. கொரோனா வந்த 2020, 2021-இல் நம்மில் பலர் வீட்டுக்கே வாங்கி வைத்தோமே, அதேதான்.

நமது செனாய் விமான நிலையம் திறக்கப்பட்ட அதே 1974-இல், ஜப்பானில் தக்குவோ அயோயாகி என்னும் பொறியாளர் இதன் தத்துவத்தை வெளியிட்டார். அவர் தேடியதோ வேறு. காது மடலில் ஒளியைச் செலுத்தி, இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று அளக்கப் பார்த்தார். நாடி துடிக்கிற ஒவ்வொரு தடவையும் கோடு ஆடிக் காரியத்தைக் கெடுத்தது. அந்த ஆட்டத்தைப் போக்க முயன்றபோதுதான், அட, ஆடுகிற பங்குதானே தமனி ரத்தம் என்று விளங்கியது! சிவப்பொளியும் அகச்சிவப்பொளியும் எவ்வளவு விழுங்கப்படுகின்றன என்று ஒப்பிட்டால், ரத்தத்தில் பிராணவாயு எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும். 2020 ஏப்ரலில், உலகமே இந்தக் கிளிப்பைத் தேடிய நாளில், அவர் காலமானார்.

1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே சிறு துளை வழியே பித்தப்பையை எடுத்தார். 1990-இல் பம்பாயில் டெஹெம்டன் உத்வாடியா அதைச் செய்தார். சாவித் துளை ஆப்பரேஷன் என்கிறோமே, இதுதான். வயிற்றில் கரியமில வாயுவை நிரப்பித்தான் செய்வார்கள். அந்த வாயு ரத்தத்திலும் ஏறும். ஆகவே மயக்க மருந்து டாக்டர், கிளிப்போடு நோயாளி வெளிவிடும் மூச்சையும் விடாமல் அளக்கிறார். அந்த மூச்சு அளவும் ரத்தத்தில் உள்ளதைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும்.

கிளிப்பு சொல்வது வேதவாக்கா? இல்லீங்க. பத்து லோரியும் நிறைந்திருந்தால் நூறு சதவீதம். நாலே லோரி இருந்து நாலும் நிறைந்திருந்தாலும் நூறு சதவீதம்தான். ரத்த சோகை உள்ளவருக்கும் 98 காட்டும். லோரிகளையே எண்ண, அதாவது ஹீமோகுளோபினை அளக்க, 2008-இல் அமெரிக்காவில் வேறொரு விரல் கருவி வந்தது. பலரைச் சேர்த்துச் சராசரி பார்த்தால் சரியாக இருக்கிறது. தனி ஒருவருக்கோ ஒரு கிராமுக்கு மேலும் பிசகலாம். அதனால் ரத்தம் ஏற்றுமுன் ஊசியால் எடுத்துத்தான் சோதிக்கிறார்கள்.

இன்னொன்று, நம்மைத் தொடுகிற சங்கதி. 2020 டிசம்பரில் மிச்சிகன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இது: கிளிப்பு 92 முதல் 96 வரை காட்டியும் உண்மையில் 88-க்குக் கீழே இருந்த நிலை, வெள்ளையரிடம் நூற்றுக்கு 3.6, கறுப்பினத்தவரிடம் 11.7. கருத்த தோலில் ஒளிக்கணக்கு பிசகுகிறது. நம் தோலும் கருப்புதானே! மூச்சு வாங்கும்போது கிளிப்பு 95 காட்டுகிறதே என்று வீட்டிலேயே படுத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.