குடிவழித் தேடல்: பாலக்காடு – இடுக்கி எல்லைப் பகுதி

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டி வாழும் குடும்பங்கள், தம் முன்னோர் எங்கிருந்து எப்போது வந்தனர் என்பதை வாய்மொழி மரபு, பொது ஆவணம், மரபணுச் சோதனை ஆகியவற்றின் வழியே அறிய முயல்வது. பிற இடங்களில் பெரும்பாலும் ஆர்வத்தால் நடக்கும் இத்தேடல், இங்குள்ள தோட்டத் தொழிலாளர் பலருக்குச் சாதிச் சான்றிதழ் பெறுவதற்கான கட்டாயத் தேவை.

வாய்மொழி மரபு

பழைய இடப்பெயர்வுகளுக்கு எழுத்துச் சான்று குறைவு. இடுக்கி மலைகளில் வாழும் முதுவர் தாம் மதுரையிலிருந்து வந்ததாகக் கூறுவர். எந்த அரசு வீழ்ந்தபோது வந்தனர் என்பதில் கதைகள் வேறுபடுகின்றன. பூஞ்சாறு அரச குடும்பமும் பாண்டியர் வழியெனத் தன்னைக் கருதுகிறது. பாலக்காட்டு அக்கிரகாரங்களின் குடியேற்றக் காலம் குறித்து ஒருமித்த முடிவு இல்லை.

தோட்டக் காலம்

1877 ஜூலை 11 அன்று ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி உருவானது. தேயிலை பரவப் பரவ, திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். கங்காணி ஊருக்குப் போய் முன்பணம் கொடுத்து, உறவுக்காரர்களைக் கூட்டமாக அழைத்து வருவார். போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியே டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதை முக்கியமான வழிகளுள் ஒன்று. அதே சரிவில் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. ஆட்கள் நடந்தே ஏறினர்.

குடிவழி ஆய்வாளருக்கு இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நேட்டாலுக்கும் மொரீஷியஸுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களுக்குத் தனித்தனி எண் தரப்பட்டது. நேட்டால் கப்பல் பட்டியல்களில் தந்தை பெயர், வயது, ஊர், சாதி, உடலிலுள்ள அடையாளம் வரை எழுதப்பட்டன. மொரீஷியஸில் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவன ஆவணக் காப்பகத்தில் கொள்ளுப்பாட்டனின் புகைப்படத்தையே கண்டெடுப்போர் உண்டு. மலையேறி வந்தவர்களுக்கு அத்தகைய பதிவு இல்லை. தோட்டத்துப் பெயர்ப் பட்டியல் கூலிக் கணக்குக்காக எழுதப்பட்டது. ஆளின் பெயரும் வேலை நாளும் பொதுவாகக் கிடைக்கும், சொந்த ஊர் கிடைப்பது அரிது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரே பெயர் இரு தலைமுறைகளில் வருவதும் உண்டு.

இக்குறையைத் தேவாலயப் பதிவேடுகள் ஓரளவு நிரப்புகின்றன. திருமுழுக்கு, குடும்பம், அடக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஏடுகள் உண்டு. மூணாறு சி.எஸ்.ஐ. ஆலயத்தின் அடக்கப் பதிவேடு, கட்டடம் எழுவதற்கு முன்பே தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. 1894 டிசம்பரில் காலராவில் இறந்த இளம்பெண் எலினர் இசபெல் மே அதன் முதல் பதிவு. ஆலயம் எழுந்தது 1910ஐ ஒட்டி.

1950 ஆகஸ்ட் 10

பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாள் இது. வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்கள், முன்னோர் இந்நாளுக்கு முன்பே இங்கு நிலையாகக் குடியிருந்ததைக் காட்ட வேண்டும். காட்ட வேண்டிய தாள்களோ பெரும்பாலும் பின்னர் வந்தவை: தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951, வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952. லயம் கம்பெனிக்குச் சொந்தம். ஆகவே தொழிலாளியிடம் பட்டாவும் இல்லை, வில்லேஜ் ஆபீஸில் கரம் கட்டிய ரசீதும் இல்லை. உழைத்தவரிடம் இல்லாத தாளை அவருடைய பேரப்பிள்ளைகளிடம் கேட்கும் நிலை இப்படி ஏற்பட்டது.

பாலக்காட்டின் நிலை வேறு. பாலக்காடு வட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து அங்கு வந்தவர் மாநிலம் மாறவில்லை. அருகிலுள்ள சித்தூரோ கொச்சி அரசின் பகுதி. பொள்ளாச்சியிலிருந்து அங்கு போனவர் எல்லை கடந்தவர்.

தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய போராட்டத்தின்போது, தோட்டத் தமிழர் நிலையான குடிகளா, வந்து போவோரா என்பதும் வாதப் பொருளானது.

மரபணு ஆய்வு

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இராமசாமி பிச்சப்பன் குழுவினர், உசிலம்பட்டி அருகே ஒரு கிராமத்தில் எம்130 என்னும் மிகத் தொன்மையான தந்தைவழிக் குறியீட்டைக் கண்டனர். 2012இல் வெளியான ஆய்வு தமிழகத்தின் 12 பழங்குடிகள், 19 பிற சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோமை ஆராய்ந்தது. இவை பேசுவது ஆயிரக்கணக்கான ஆண்டுகளை. அண்மைக் காலத்துக்கு வந்தால், சோதனை இருவர் உறவினர் என்று காட்டக்கூடும். ஒரு பாட்டி 1949இல் மலைக்கு எந்தப் பக்கம் குடியிருந்தார் என்று காட்டாது. சாதி என்பது சட்டமும் சமூகமும் வகுத்தது. அதை உறுதிசெய்யும் மரபணு இல்லை. அத்தை மகள், மாமன் மகளை மணக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் பொதுவான மரபணுப் பங்கு கூடுவதால், வணிகச் சோதனைகள் தூரத்து உறவை நெருங்கியதாகக் கணக்கிடவும் கூடும்.

அண்மை நிகழ்வுகள்

சான்றிதழ் வழங்குவதை 1996ஆம் ஆண்டுக் கேரளச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. ஐயத்துக்குரியவற்றைக் கோழிக்கோட்டிலுள்ள பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வு நிறுவனமான கிர்த்தாட்ஸ் விசாரிக்கிறது. 2021 தேவிகுளம் தனித்தொகுதித் தேர்தலில் வென்ற ஏ. ராஜா பட்டியல் சாதியினரா என்ற வழக்கில் தேவாலய ஏடுகள் முக்கியச் சாட்சியமாயின. கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச் 20 அன்று அவரது வெற்றியைச் செல்லாததாக்கியது. உச்ச நீதிமன்றம் 2025 மே 6 அன்று அத்தீர்ப்பை ரத்து செய்தது. பழைய பெயர்ப் பட்டியல்களும் பதிவேடுகளும் படியெடுக்கப்பட்டுப் பொதுக் காப்பகத்தில் சேர்க்கப்படுமாயின், சான்றிதழ் கேட்டு நிற்கும் குடும்பங்களுக்கு எந்த மரபணுச் சோதனையையும்விட அதுவே பெரிய உதவியாக இருக்கும்.