‘ஹுசா’வும் ‘ஏலேலோ’வும்: ஆர்ப்பொலியின் தோற்றம் பற்றிய ஒரு குறிப்பு

யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்லூரிகளின் விளையாட்டு மைதானங்களில் ஒலித்துவந்த ‘ஹிப் ஹிப் ஹுறே’ என்ற ஆர்ப்பொலியை நாம் அறிவோம். அதனோடு உறவுடைய மூத்த ஒலியான ‘ஹுசா’ ஆங்கிலேயரிடையேயும் பெரிதும் வழக்கொழிந்துவிட்டது. மகிழ்ச்சியையும் வெற்றியையும் அறிவிக்கும் இவ்வொலிக்குத் தனிப்பொருள் எதுவும் இல்லை; ஆயின் வரலாறு உண்டு.

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து காணப்படும் ‘ஹுசா’ ஆதியில் மாலுமிகளின் முழக்கம் என்பது பழைய ஆங்கில எழுத்தாளர் கூற்று. பாயையும் பாரத்தையும் கயிறிட்டு ஏற்றுகையில் எழுந்த ‘ஹிசா’ முதலிய ஒலிகளே அதன் மூலமாகலாம் என்பர் சொற்பிறப்பியலாளர். 1550 அளவில் வெளிவந்த ‘ஸ்கொத்லாந்தின் முறையீடு’ என்னும் உரைநடை நூல் கப்பலோட்டிகளின் இத்தகைய ஒலிகளைப் பதிவுசெய்துள்ளது. கயிறிழுத்தவனின் ஒலி காலப்போக்கில் மன்னரையும் தளபதியரையும் வாழ்த்தும் ஒலியாயிற்று.

இம்மாற்றத்தின் அடிப்படையை விளங்கிக்கொள்ள நமது கடற்கரைகளே துணைசெய்யும். ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகியன கடலை நம்பி வாழ்ந்த மக்களின் நிலங்கள். வள்ளத்தைக் கரையேற்றுவதும் பாயை உயர்த்துவதும் வலையை இழுப்பதும் தனியொருவரால் ஆகாத காரியங்கள். பலரது வலு ஒரே கணத்தில் ஒன்றுசேர வேண்டும். அக்கணத்தைக் குறிப்பதே ‘ஏலேலோ’. ஈழத்து மீனவரின் ‘அம்பா’ப் பாடலில் ஒருவர் அடியெடுத்துப் பாட, ஏனையோர் இவ்வொலியால் ஏற்று இழுப்பர். அடிகள் மாறும், ஒலி மாறாது. கார்ல் பியூகர் 1896இல் வெளியிட்ட ‘உழைப்பும் லயமும்’ என்ற நூலிலும், ஜோர்ஜ் தொம்சன் 1945இல் எழுதிய ‘மார்க்சியமும் கவிதையும்’ என்ற நூலிலும் உழைப்புக்கும் பாடலுக்கும் உள்ள இவ்வுறவு ஆராயப்பட்டுள்ளது. அயர்லாந்தின் பிளாஸ்கெற் தீவு மக்களிடம் மொழி பயின்ற தொம்சனே கைலாசபதியின் பேமிங்ஹாம் ஆய்வுக்கு வழிகாட்டியவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

ஆயின் நமது மரபு ‘ஏலேலோ’வுக்கு வேறொரு விளக்கம் தருகிறது. வள்ளுவரின் நண்பனாகக் கூறப்படும் ஏலேலசிங்கன் என்ற கடல் வணிகனின் பெயரே இவ்வொலியாயிற்று என்பது அக்கதை. இழுத்தவர்களின் மூச்சிலே பிறந்த ஒலிக்குக் கப்பலுக்கு உடையவன் உரிமையாளனாகிறான்! ‘ஹுசா’ மன்னனைச் சென்றடைந்ததும் ‘ஏலேலோ’ வணிகனைச் சென்றடைந்ததும் ஒரே சமூக நியதியின் இரு வெளிப்பாடுகள் எனலாம்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் தேர்த்திருவிழாவிலே வடம்பிடிப்போர் எழுப்பும் ‘அரோகரா’வையும் இங்கு நோக்கலாம். அச்சொல்லின் மூலம் சமயம் சார்ந்தது. ஆயினும் தேர் நகரும் வேளையில் அது பலரது வலுவையும் ஒருங்கிணைக்கிறது. தேர் அசைந்ததும் அதுவே களிப்பொலியாகின்றது. மகிழ்ச்சி என்பது இங்கு பாரம் நகர்ந்ததை அறிந்த கூட்டத்தின் உணர்வு. ‘ஹுசா’வின் மகிழ்ச்சியும் அவ்வாறே பிறந்திருத்தல் வேண்டும் என்பது நமது துணிபு.

இயந்திரப் படகுகள் வந்தபின் பாயேற்றும் தேவை அருகிற்று. 1990இல் இராணுவம் தீவகத்தில் முன்னேறியபோது பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தனர், தொழிற்குழுக்கள் சிதறின. அம்பாவின் அடிகளைத் தொகுப்போர் பலர் ‘ஏலேலோ’வைப் பொருளற்ற அசையென ஒதுக்கிவிடுகின்றனர். எந்தக் கயிற்றை, எத்தனை பேர், எந்த அசையில் இழுத்தனர் என்பதை முதியோரிடம் இன்றே கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். அவ்வசையை ஒதுக்கிவிடின் நம்மிடம் எஞ்சுவது பாடலேயன்றி அதனைப் படைத்த உழைப்பாளர் அல்லர்.