கல்லும் கடிதமும்: ஃபுல்லர்ட்டனில் ஓர் இரவு



ஆங் மோ கியோவிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் செல்ல எம்ஆர்டி ரயிலில் ஏறத்தாழ இருபது நிமிடமே ஆகும். அத்தனை அருகில் உள்ள இடத்திற்கு யாராவது பெட்டி கட்டிக்கொண்டு போய்த் தங்குவார்களா என்று என் மாமியார் சிரித்தார். 2021ஆம் ஆண்டு அது. எல்லைகள் மூடிக்கிடந்த காலம். உள்ளூர்ச் சுற்றுலாவுக்காகக் குடிமக்களுக்கு அரசாங்கம் ஆளுக்கு 100 வெள்ளி மதிப்புள்ள பற்றுச்சீட்டு வழங்கியிருந்தது. எனக்கும் என் கணவருக்கும் கிடைத்ததோடு கைப்பணத்தையும் சேர்த்து, மகளுடன் ஃபுல்லர்ட்டன் ஹோட்டலில் ஓர் இரவு தங்கினோம். பஞ்சுமெத்தைக்காக நான் அங்குச் செல்லவில்லை. துறைமுகத் தொழிலாளியான என் தாத்தா, மாதந்தோறும் படியேறிய கட்டடம் அது.

1928இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தில் 1996 வரை தலைமை அஞ்சலகம் இயங்கியது. கீழ்த்தளத்தில் அஞ்சலக முகப்பு ஏறத்தாழ 300 அடி நீளத்திற்கு நீண்டிருந்ததாம். அங்கு நின்றுதான் தாத்தா தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் இருந்த தம் தாயாருக்கு மணியார்டர் அனுப்பினார். மேல்மாடிகளிலோ ஐரோப்பியப் பெருவணிகர்கள் கூடும் சிங்கப்பூர் கிளப் இருந்தது. அங்கே தாத்தாவுக்கு வேலை இல்லை. 2001இல் அக்கட்டடம் ஹோட்டலாயிற்று. 2015இல் தேசிய நினைவுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. தாத்தா ஏறாத மாடியில் அவருடைய கொள்ளுப்பேத்தி உறங்கினாள்.

உறங்குமுன் ஆற்றின் முகத்துவாரத்தைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தவள், "அம்மா, அஞ்சலகத்துக்கு முன்னால் இங்கு என்ன இருந்தது?" என்று கேட்டாள்.

கோட்டை இருந்தது. நீரிணைக் குடியேற்றங்களின் முதல் ஆளுநரான ராபர்ட் ஃபுல்லர்ட்டனின் பெயரைத் தாங்கிய கோட்டை. அக்கோட்டைக்கும் முன்னால், இந்த முகத்துவாரத்தில் ஒரு கல் இருந்தது. ராஃபிள்ஸ் வந்திறங்கிய 1819இல், காட்டைத் திருத்தியவர்கள் அதைக் கண்டனர். சுமார் 3 மீட்டர் உயரமுள்ள மணற்பாறை. அதில் ஏறத்தாழ 50 வரி எழுத்துகள். இந்தியரும் சீனரும் ஐரோப்பியரும் பார்த்தனர். ஒருவராலும் படிக்க இயலவில்லை.

1843இல் முகத்துவாரத்தை அகலமாக்கவும் கோட்டைத் தளபதிக்கு இல்லம் அமைக்கவும் அக்கல்லை வெடிவைத்துத் தகர்த்தனர்! சில துண்டுகள் மட்டும் மீட்கப்பட்டுக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்று பின்னர்த் திரும்பி வந்து, இன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அச்செயலை எண்ணி வருந்தி எழுதியவர் முன்ஷி அப்துல்லா. அரபும் தமிழும் கலந்த மரபில் வந்தவர்; மலாக்காவில் தமிழும் பயின்றவர்; பிறருக்கு மலாய் கற்பித்த மொழியாசிரியர். எழுத்தின் அருமையை ஆசிரியர் ஒருவர் உணர்ந்ததில் வியப்பென்ன?

எஞ்சிய துண்டில் உள்ளவை பழஞ்சாவக நாட்டுக் கவி எழுத்து வகையைச் சேர்ந்தவை என்பது பலர் கருத்து. அவற்றில் 'பரகேசரி' என்னும் சோழர் பட்டத்தின் பகுதியைக் காணலாம் என 2019இல் அயன் சின்கிளேர் என்னும் ஆய்வாளர் கருத்துரைத்தார். 1025இல் ஸ்ரீவிஜயத்தின்மீது படையெடுத்த இராசேந்திர சோழனுக்கும் அப்பட்டம் உண்டு. ஆயினும் அவ்வாசிப்பு முடிந்த முடிபன்று. முழுக்கல்லும் நம்மிடம் இருந்திருந்தால்! தமிழன் பெருமை பேச இதை நான் எழுதவில்லை. எவர் மொழியாயினும், படிப்பார் இல்லாத எழுத்து வெறுங்கல்லாகிவிடுகிறது; கல்லை உடைக்க யாரும் தயங்குவதில்லை. இதுவே என் மனத்தை உறுத்தியது.

வீட்டில் தாத்தாவின் பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. அவர் அனுப்பிய பணத்திற்கு ஊரிலிருந்து வந்த பதில் கடிதங்கள் அதில் உள்ளன. தாயார் சொல்லச் சொல்ல யாரோ எழுதிக்கொடுத்தவை. ஊர் திரும்பிய மறுநாள்... ஊர் என்ன ஊர், ஆங் மோ கியோதான்! மறுநாள் ஒரு நீல நிறக் கடிதத்தை எடுத்து மகளிடம் கொடுத்தேன். அவள் அப்போது தொடக்கநிலை ஐந்தில் பயின்றாள். தமிழ்த் தேர்வில் நல்ல மதிப்பெண் பெறுபவள்தான். "நலம், நலமறிய ஆவல்" என்னும் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். "ஆவல்னா என்னம்மா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கூட்டெழுத்தும் மங்கிய மையும் அவளை வருத்தின. ஒரு பக்கக் கடிதத்தை முடிக்க அரைமணி நேரமாயிற்று.

இருபதாண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் எனக்கு அந்த அரைமணி நேரம் ஒரு பாடம். பயிற்சித்தாள்களை நிரப்பக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். என் வீட்டுக் கடிதத்தை என் பிள்ளை படிக்க ஒருநாளும் வாய்ப்பளித்ததில்லை.

மடித்துக் கொடுக்குமுன், "பணம் வந்தது, பசு வாங்கினோம்" என்ற வரியை மறுபடியும் படித்தாள். "அந்தப் பசுவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அடுத்த கடிதத்தில் இருக்கலாம் என்றேன். டின்னை அவளே திறந்தாள்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் அப்படியொரு பெட்டி இருக்கக்கூடும். பிள்ளையுடன் அமர்ந்து திறந்து பாருங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே திறந்துவிடுவது நல்லது.