கோலசிலாங்கூர் தோட்டப்புறத்தில் வேலை தேடல்

மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், பின்னர் தோட்டங்களே வீடமைப்புக்குக் கைமாறியபோதும் வேலையிழந்த தமிழ்க் குடும்பங்கள் மறுவேலை தேடிக்கொண்ட முறை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம், 1917இல் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்ட தென்னமரம், இவ்வட்டாரத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) உள்ளது. பெயரில்தான் தென்னை. பெரும்பாலான ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியதோ 1960களுக்குப் பிறகு. பால்மரக்காட்டுக்கு விடியுமுன்னே ஆள் இறங்க வேண்டும். செம்பனைக் குலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். ஆள்தேவை குறைந்தது.

தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் (தோட்டம் தந்த வரிசை வீடு) போகும். அப்பா பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நின்று வீட்டைக் காப்பாற்ற, பிள்ளைகள் வெளியே வேலை தேடியது இந்தக் கணக்கில்தான். இதைத் தோட்டத்தைவிட்டு நகர மனமில்லாத சோம்பல் என்று வெளியார் பேசியது அநியாயம்.

வேலைச் செய்தி காதுவழி வந்தது. திருவிழாவிலோ கருமாதி வீட்டிலோ, முன்பே கிள்ளான் நகருக்குப் போன ஒருவர், "எங்க கம்பெனியில ஆள் எடுக்கிறாங்க, ஐ.சி. (அடையாள அட்டை) காப்பியோட வா" என்பார். நெருங்கியவர்களைவிட அரைகுறை அறிமுகங்களே புதுச் செய்தி தருகின்றன என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதினார். லயத்துக்கும் அது பொருந்தும்: பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததே. பெண்களுக்குத் தொழிற்சாலை பஸ் ஒரு வாசலானது. இருட்டோடு தோட்டச் சந்தியில் வந்து நிற்கும் அதன் ஓட்டுநரிடம் கேட்பதே பாதி விண்ணப்பம். வயதான ஆண்களுக்குப் பெரும்பாலும் ஜாகா (காவல்) வேலைதான் மிஞ்சியது.

1980ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி, ஆட்குறைப்புக்கு ஆளானவர் ஐந்தாண்டுக்கு மேல் உழைத்திருந்தால் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடு. இருபது ஆண்டு பால்வெட்டியவருக்கு 400 நாள் கூலி. வேலை தேடும் காலத்துக்கென்று உதவி வந்தது 2018இல், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்தோடு. முதல் மாதம் பழைய சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரு மாதங்களுக்கு 40, கடைசி இரண்டுக்கு 30. சந்தா செலுத்தியவருக்கே இது. பலகாரம் சுட்டு விற்பவர் இதில் இல்லை. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.