யார் சொல்லும் கதை? நன்கொடை வேண்டுகோளில் சொல்லுரிமை

நன்கொடையாளரின் மனத்தைத் தொடும்படி கதை சொல்ல வேண்டும் என்பது தொண்டு நிறுவனங்களுக்கான நிதி திரட்டும் பயிற்சிகளில் தவறாமல் கிடைக்கும் அறிவுரை. இதை ஐயுறுவோர் வழக்கமாக இரண்டு கேள்விகள் எழுப்புவர். கதை உண்மையா? இரக்கத்தை அளவுக்கு மீறிப் பிழிகிறதா? இரண்டும் வேண்டிய கேள்விகளே. ஆனால் இவற்றுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய ஒன்று உண்டு: கதைக்கு உரியவருக்கு அதைச் சொல்வதில் என்ன பங்கு இருந்தது? இந்தப் பங்கு இல்லாதபோதுதான் உண்மையும் அளவும் பிறழ்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

பழைய வழக்கொன்று இதற்குச் சான்று. கிழக்கு லண்டனில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய தாமஸ் பர்னார்டோ, 1870களில் அச்சிறுவர்களின் நிழற்படங்களை இணை இணையாக அட்டைகளில் அச்சிட்டு விற்றார். ஒன்றில் கந்தல் உடை, அழுக்கு முகம். மற்றொன்றில் அதே சிறுவன் தொழில் பழகுகிறான். பணம் வந்தது, புகழும் வந்தது. 1877இல் அவர்மீது எழுந்த குற்றச்சாட்டுகளை நடுவர் குழு ஒன்று விசாரித்தபோது படங்களில் பலவும் ஜோடிக்கப்பட்டவை என்பது வெளிப்பட்டது. செய்தித்தாள் விற்றே அறியாத சிறுமி, வெறுங்காலோடு செய்தித்தாள் விற்பவளாக நிறுத்தப்பட்டிருந்தாள். குறிப்பிட்ட ஒரு பிள்ளையை அல்ல, ஒரு வகைப் பிள்ளைகளையே படம் காட்டுகிறது என்பது பர்னார்டோ தரப்பின் விளக்கம். பெரிய குற்றச்சாட்டுகள் பெரும்பாலானவற்றிலிருந்து நடுவர்கள் அவரை விடுவித்தார்கள். படங்களை மட்டும் கண்டிக்காமல் விடவில்லை.

பர்னார்டோவைப் பொய்யர் என்று ஒதுக்கிவிட்டால் வழக்கின் சாரம் நழுவிவிடும். லண்டன் தெருக்களில் வெறுங்காலோடு செய்தித்தாள் விற்ற சிறுமிகள் இருந்தார்கள். வகையைப் பொறுத்தவரை அவர் காட்டியது நடப்புதான். பொய்யானது அந்த ஒரு சிறுமியைப் பற்றிய சித்திரம். அதை மறுத்துச் சொல்லும் வாய்ப்பு, படம் எடுக்கும்போதும் அட்டை விற்கும்போதும் அவளுக்கு இல்லை.

தனி ஒருவரை முன்னிறுத்தும் இந்த உத்திக்கு இன்றைய உளவியல் வேறொரு வகையில் வலுச் சேர்த்தது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு பயிற்சி வகுப்புகளில் ஏறக்குறைய வேதவாக்கு. பங்கேற்றோருக்கு 5 டாலர் ஊதியம் தந்து, அதில் விரும்பியதை நன்கொடையாகத் தரலாம் என்றார்கள். மாலி நாட்டு ஏழு வயதுச் சிறுமி ரோகியாவின் கதையைப் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் தந்தார்கள். ஆப்பிரிக்க நாடுகளின் பஞ்சம் பற்றிய புள்ளிவிவரங்களை மட்டும் படித்தவர்கள் தந்தது 1.14 டாலர். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் தந்தது 1.43 டாலர். அதாவது, ரோகியாவின் கதையோடு எண்கள் சேர்ந்ததும் இரக்கம் சுருங்கியது.

ஆனால் பயிற்சியாளர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2016இல் வந்த தொகுப்பாய்வு, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கையில் இவ்விளைவு மிகச் சிறியது என்றது. 2007ஆம் ஆண்டுச் சோதனையைப் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்த 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது தென்படவே இல்லை. விளைவு மெய்யாகத் தோன்றும் இடத்திலும் அதன் ஆயுள் குறைவு. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய சிரியச் சிறுவனின் சடலப் படம் வெளியானதும் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் அகதிகள் நிதிக்குப் பணம் பல மடங்கு பெருகியது. சில வாரங்களில் வடிந்தும்விட்டது. சிரியப் போர் வடியவில்லை.

கேட்பதும் கொடுப்பதும் நம் இலக்கியத்துக்குப் புதியவை அல்ல. புறநானூற்றின் 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வீட்டு வறுமையை எடுத்துரைக்கிறார்: சமையல் மறந்து காளான் பூத்த அடுப்பு, பால் வற்றிய மார்பைச் சுவைக்கும் பிள்ளை, கண்ணீரோடு அதன் முகம் பார்க்கும் தாய். எந்த நிதி திரட்டுநரும் பொறாமைப்படும் சித்திரம். ஆனால் பாடுபவர் அந்த வீட்டுக்காரர். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பவர் அவரே. மனைவியும் பிள்ளையும் அவர் வாயிலாகத்தான் தெரிகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். புலவர் மரபை நான் பொற்காலமாக்கவில்லை. இருந்தும், சொல்லுரிமையோடு இன்னோர் உரிமையும் சேர்ந்தே இருந்ததற்கு 208ஆம் பாடல் சான்று. மலைகள் கடந்து வந்த பெருஞ்சித்திரனாரை நேரில் காணாமலே அதியமான் பரிசில் கொடுத்தனுப்புகிறான். அவர் ஏற்க மறுக்கிறார். ரோகியாவின் கதை சொல்லப்பட்ட மேசையில் அத்தகைய மறுப்புக்கு இடமே இல்லை.

சொல்லுரிமையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் குறையும் என்பது நிறுவனங்களின் அச்சம். இதைச் சோதித்துப் பார்த்த முயற்சி ஒன்று உண்டு. அம்ரெஃப் ஹெல்த் ஆப்பிரிக்கா என்ற தொண்டு நிறுவனத்தின் பிரிட்டன் கிளை, நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியைச் சேர்ந்த சமூகச் சுகாதாரப் பணியாளர் ஒருவரிடமே வேண்டுகோளின் கதையையும் படங்களையும் விட்டது. அவருடையதும் நிறுவனம் வழக்கம்போல் உருவாக்கியதும் என இரண்டு மடல்கள் நன்கொடையாளர்களுக்குப் போயின. அவருடைய மடலுக்கே கூடுதல் பணம் வந்தது. ஒரே ஒரு சோதனையைக் கொண்டு பொதுவிதி வகுக்க முடியாதுதான். ஆனால் அழுகை இல்லாவிட்டால் பணப்பை திறக்காது என்ற உறுதிப்பாட்டுக்கு இது போதுமான அடி.

கடினமான எதிர்வாதம் குழந்தைகளைப் பற்றியது. அவர்கள் கதை சொல்லத் தகுந்த வயதினர் அல்லர். பெரியவர் பேசாவிட்டால் யார் பேசுவார்? இந்தியச் சட்டம் இதற்குப் பாதி விடை தருகிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காட்டும் விவரங்களை ஊடகங்களில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. ஆக, இல்லக் குழந்தையின் பெயரும் படமும் தாங்கிய வேண்டுகோள் சுவைக்கேடு மட்டுமன்று, சட்டச் சிக்கலும்கூட. எஞ்சிய பாதி விடையை நிறுவனங்களே தேட வேண்டும். இல்லத்தில் வளர்ந்து இன்று வேலை பார்க்கும் இளைஞர், அங்கே சமைப்பவர், இரவுக் காவலர், பிள்ளையைச் சேர்க்க வந்த பாட்டி என வயது வந்த சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் கடமை முடிந்தது என்ற நடைமுறை போதாது. அச்சுக்குப் போகுமுன் மடல் அவர்கள் மொழியில் அவர்களுக்குப் படித்துக் காட்டப்பட வேண்டும்; வேண்டாத வரியை நீக்கச் சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும். படத்தைப் பயன்படுத்தக் கெடு வைக்க வேண்டும். பின்னாளில் அவர்கள் விலக நினைத்தால், எந்தத் தொலைபேசி எண்ணில் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் படிவத்திலேயே இருக்க வேண்டும்.