கடுகண்ணாவை ஏற்றமும் ஒக்டேன் இலக்கமும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் பெருந்தெருவைக் கப்டன் டோசன் வகுத்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் இருபதுகளில் மோட்டார் வாகனம் எவருடைய கற்பனையிலும் இருந்திருக்க முடியாது. ஆயினும் குதிரைகளையும் மாடுகளையும் மூச்சுத் திணறச் செய்த அந்தக் கடுகண்ணாவை ஏற்றமே, பிற்காலத்துப் பெற்றோல் எஞ்சின்களையும் பரீட்சித்துப் பார்த்தது. டோசன் 1829இல் காலமானார். அவர் ஞாபகார்த்தமாக 1832இல் எழுந்த கோபுரம் கணவாயின் உச்சியில் இன்றும் நிற்கிறது. பழைய வானுக்கு எந்தப் பெற்றோல் அடிப்பது என்று கேட்பவருக்கு, அக்கோபுரத்தை நெருங்கும்போது எஞ்சின் எழுப்பும் ஓசையைக் கேட்டே விடை சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

முழுப் பாரத்துடன், கியரைக் குறைக்க மனமில்லாத சாரதி அக்ஸிலேற்றரை அழுத்தும்போது, தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கினாற்போன்ற ஒரு சத்தம் கேட்குமாயின், அதுவே நொக்கிங். தீப்பொறியிலிருந்து ஒழுங்காகப் பரவவேண்டிய சுவாலை சென்று சேருமுன், மூலையில் எஞ்சிய கலவை அழுத்தத்தாலும் உஷ்ணத்தாலும் தானே வெடித்துவிடுவதன் விளைவு அது. அவ்வாறு வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் குணத்துக்கு அளவுகோலாக, ஹெப்டேனைப் பூச்சியமாகவும் ஐஸோ ஒக்டேனை நூறாகவும் கொள்ளும் முறையை கிரஹாம் எட்கார் என்ற அமெரிக்க ரசாயனர் 1920களின் பிற்பகுதியில் வகுத்தார். இலக்கம் கூடினால் சக்தி கூடும் என்று நம்பி, உள்ளதிலே விலை உயர்ந்ததை வானுக்கு ஊட்டும் அன்பர்கள் இதைச் சற்றே கவனிக்க வேண்டும். ஒக்டேன் என்பது சகிப்புத்தன்மையின் அளவு, சத்தின் அளவன்று.

மொறிஸ் மைனர் வானின் கதை இதைத் தெளிவாக்கும். யுத்தம் தொடங்கிய 1939 முதல் 1953 வரை பிரித்தானியாவில் கம்பனிப் பெயரின்றி விற்கப்பட்ட பொதுப் பெற்றோலின் ஒக்டேன் ஏறக்குறைய 70தான். அதற்கேற்ப அக்கால எஞ்சின்களின் அமுக்க விகிதமும் தாழ்ந்திருந்தது. மொறிஸின் 803 சி.சி. எஞ்சினுக்கு அது 7.2, பின்வந்த 948 சி.சி.யிலே 8.3 ஆயிற்று எனினும், தரங்குறைந்த பெற்றோல் விற்கும் தேசங்களை உத்தேசித்துத் தாழ்ந்த அமுக்கமுள்ள வகையும் செய்யப்பட்டது. இத்தகைய எஞ்சினுக்கு இன்றைய 92 ஒக்டேன் பெற்றோல் போதும் என்பதோடு, மிச்சமும் உண்டு. மலைநாடு என்பதால் 95 அவசியம் என்ற வாதமோ விபரீதமானது. ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் காற்று சற்றே மெலிந்திருப்பதால், எஞ்சினின் தேவை கூடுவதில்லை, குறையவே செய்கிறது. கூட்டுவது பாரமும், சிலிண்டருக்குள் படிந்த கரியும், முன்கூட்டியே பொறி விடும் டிஸ்ரிபியூட்டருமே. கைதேர்ந்த பாஸ் ஒருவர் அதன் பிடியைத் தளர்த்தி, ஒரு மயிரிழை திருப்பி இறுக்கி, மறுபடி ஏற்றத்தில் ஓட்டிப்பார்த்துத் தீர்க்கும் விஷயத்தை, பெற்றோல் செட்டில் பணங்கொடுத்துத் தீர்க்க முயல்வது வீண்.

ஷெல்லா, கால்டெக்ஸா, எஸ்ஸோவா என்று பெயர் பார்த்து எண்ணெய் அடித்த காலமும் ஒன்றிருந்தது. முன்பு கண்டித் தொகுதியின் பிரதிநிதியாயிருந்த ரி. பி. இலங்கரத்ன மந்திரியாக நின்று நடத்திய தேசியமயத்தின் பயனாக, 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பிறந்தது. நஷ்டஈட்டுத் தகராறினால் அமெரிக்கா 1963 பெப்ரவரியில் உதவியை நிறுத்தியது. அதன்பின் நெடுங்காலம் கம்பனிப் பெயர் போய் இலக்கமே மிஞ்சிற்று. 2003இல் இந்திய நிறுவனம் வந்த பிறகே போட்டிப் பலகைகள் மீண்டும் தெருவில் தோன்றின.

பழைய எஞ்சினுக்கு நேர்ந்த உண்மையான மாற்றம் வேறு. நொக்கிங்கை அடக்க 1921இல் தாமஸ் மிட்ஜ்லி கண்ட ஈயச் சேர்மானம், மனிதருக்கு நஞ்சாயினும், புகை வால்வின் இருக்கையில் மெல்லிய படலமாகப் படிந்து அதைத் தேயாமல் காத்தது. 2002 ஜூனில் இலங்கையில் ஈயப் பெற்றோல் நின்றது. பள்ளத்தாக்கில் புகை தேங்கும் கண்டியின் சுவாசத்துக்கு அது நன்மையே. ஆனால், சிலிண்டரை மூடும் வார்ப்பிரும்புத் தலையிலேயே வால்வு இருக்கை கடையப்பட்ட மொறிஸ் போன்றவற்றில், நெடிய ஏற்றங்களில் இருக்கை தேய்ந்து, வால்வு உள்ளே இறங்கி, இடைவெளி குறைந்து, ஈற்றில் சரிவர மூடாமல் கருகும். ஃபோக்ஸ்வாகன் வானுக்கோ கவலையில்லை. அதன் உலோகக்கலவைத் தலையில் இருக்கைகள் ஆதியிலேயே தனியாகப் பதிக்கப்பட்டவை. இந்தத் தேய்மானத்தை 95 தடுக்காது, ஏனெனில் 92, 95 இரண்டிலும் ஈயம் இல்லை.

2022 ஜூன் 26இல் 92 லீற்றருக்கு 470 ரூபாவும் 95 லீற்றருக்கு 550 ரூபாவும் ஆனபோது, கிடைத்ததே போதுமென்று எல்லோரும் வரிசையில் நின்றார்கள். இன்று தெரிவு மீண்டிருக்கிறது. அந்த விலை வித்தியாசத்தைச் சேர்த்து வைத்து, தலையைக் கழற்றும் சமயத்தில் கடினமான உருக்கு இருக்கைகளைப் பதிப்பித்துக்கொண்டால், மொறிஸ் வான் 92இலேயே கடுகண்ணாவையை ஏறும்.